சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் சேரலாமா? பினாங்கு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுவாரம், பினாங்கில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கைப்பேசி ஓயாது. "ஐம்பது விழுக்காடு உபகாரச் சம்பளம் இருக்குங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பதிஞ்சிடுங்க" என்று ஒரு கல்லூரி அழைக்கும். செத்தியா ஸ்பைஸ் அரங்கில் கல்விக் கண்காட்சிக்குப் போய் வந்தால் பை நிறையக் கையேடுகள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. முடிவுக்குக் காத்திருப்பதா, ஆறாம் படிவம் போவதா, அதிகம் கேள்விப்படாத ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் இப்போதே சேர்ந்துவிடுவதா என்று குடும்பமே குழம்பிக் கிடக்கும். வீட்டிலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை என்றால், விசாரிக்கவும் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன இடத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது விரிவுரையாளரின் நேரத்தை. கட்டடம், பெரிய நூலகம், எல்லாரும் அறிந்த பெயர் ஆகியவற்றில் பெரிய பல்கலைக்கழகத்தோடு அது போட்டி போட முடியாது. அந்த நேரம் உண்மையிலேயே கிடைக்கும், உங்கள் பிள்ளையும் அதைப் பயன்படுத்திக்கொள்வான் என்றால் தாராளமாகச் சேருங்கள். கிடைக்காது என்றால் அந்தக் காசுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கீழே உள்ளது.

முதல் படி: செலவு குறைந்த வழிகளை முயன்று முடியுங்கள்

தனியாரில் இடம் இன்றைக்கும் கிடைக்கும், மூன்று மாதம் கழித்தும் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை புதிய மாணவர்களை எடுக்கிறார்கள். ஆனால் மெட்ரிகுலேஷன், யு.பி.யு., போலிடெக்னிக் விண்ணப்பங்களுக்குக் கெடு தேதி உண்டு, தவறினால் தவறியதுதான். அதனால் அவற்றை முதலில் அனுப்புங்கள்.

ஆறாம் படிவத்தைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு பயம் இருக்கிறது. அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். கடினம் என்பது உண்மைதான். ஆனால் இப்போது அது மூன்று தவணைகளாகப் பிரித்து நடத்தப்படுகிறது, ஒன்றரை ஆண்டில் முடிகிறது, செலவோ மிகக் குறைவு. உட்கார்ந்து படிக்கிற பிள்ளையை, "ஆறாம் படிவம் கஷ்டம்" என்று யாரோ சொன்னதற்காக ஐம்பதாயிரம் வெள்ளி செலவில் வேறு பக்கம் திருப்பிவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் விரும்பிய துறையோ அதற்கு நெருங்கிய துறையோ கிடைத்தால், என்னைக் கேட்டால், அதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

கிடைக்கவில்லையா, கிடைத்த துறை பிள்ளைக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லையா? சரி, மேலே படியுங்கள்.

இரண்டாவது படி: அது எந்த வகை நிறுவனம் என்று பாருங்கள்

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். டியு (DU) என்று தொடங்கினால் பல்கலைக்கழகம், டிகேயு (DKU) என்றால் பல்கலைக்கழகக் கல்லூரி, டிகே (DK) என்றால் கல்லூரி. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்குத்தான் இந்த எண் உண்டு.

கல்லூரி தன் பெயரில் இளங்கலைப் பட்டம் தராது. அங்கே பட்டப்படிப்பு நடந்தால் பட்டம் வேறொரு பல்கலைக்கழகத்துடையது. பிரிட்டன், ஆஸ்திரேலியப் பட்டத்தை முழுவதும் இங்கேயே இருந்து படிக்கும் 'மூன்று கூட்டல் பூஜ்யம்' என்ற ஏற்பாடு 1990களின் இறுதியில் பொருளாதார நெருக்கடி வந்தபோது பரவியது. அதில் குறை ஒன்றும் இல்லை. "சான்றிதழில் யார் பெயர் இருக்கும்?" என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அங்கேயே உஷாராகிவிடலாம்.

சிறியது என்றால் தரம் குறைந்தது என்று அர்த்தமும் இல்லை. செப்பாய் லைன்ஸ் சாலையில் இருக்கும் ஆர்.சி.எஸ்.ஐ. யு.சி.டி. வளாகம் 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. ஆள் எண்ணிக்கையில் சின்னதுதான், ஆனால் அங்கே படிப்பவர்கள் பாதிப் படிப்பை டப்ளினில் முடித்துவிட்டு அயர்லாந்து பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். கட்டணமும் அதற்கேற்ப இருக்கும், அது வேறு விஷயம். கெடாவில் செமெலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. 2001இல் தொடங்கியது. பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் அதிக தூரம் இல்லை என்பதால் நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் பெயர். வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு, 2006இல் தொடங்கி ஜார்ஜ்டவுனிலேயே இருக்கும் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்றும் சின்னவைதான், ஆனால் மூன்றும் மூன்று விதம். ஆகவே "சின்ன பல்கலைக்கழகம் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த இடத்தில் இந்தப் படிப்பு எப்படி என்று கேளுங்கள்.

மூன்றாவது படி: எம்கியூஏ பதிவேட்டில் படிப்பைத் தேடுங்கள்

மலேசியத் தகுதி முகமையை எல்லாரும் எம்கியூஏ என்றுதான் சொல்வார்கள். 2007 முதல் இருக்கிறது. அதன் இணையப் பதிவேட்டில் எந்தத் தனியார் நிறுவனத்தின் பெயரையும் போட்டுத் தேடலாம், காசு கட்ட வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

அங்கே நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். படிப்பின் முழுப்பெயர் கையேட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? எந்த வளாகத்துக்கு அங்கீகாரம்? கோலாலம்பூர் வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி இங்கே ஆள் சேர்க்க முடியாது. மொத்தக் கிரெடிட் (பாட அலகு) எத்தனை? இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 இருக்க வேண்டும். கடைசியாகச் சான்றிதழ் எண்: எம்கியூஏவுக்கு அடுத்துப் பிஏ (PA) என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏ (FA) என்று இருந்தால் முழு அங்கீகாரம்.

தற்காலிகம் என்றதும் பயந்து ஓட வேண்டாம். புதிதாகத் தொடங்கிய எந்தப் படிப்பும் முதலில் அப்படித்தான் இருக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். படிப்பு எப்போது தொடங்கியது, முதல் அணி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்தாறு ஆண்டாக நடத்தியும் இன்னும் தற்காலிகத்திலேயே நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள், வேறு இடம் பாருங்கள்.

நான்காவது படி: தொழில் வாரியம் ஏற்றுக்கொள்கிறதா?

எம்கியூஏ ஒன்று மட்டும் எல்லாத் துறைக்கும் போதாது. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், தாதிமைக்குத் தாதியர் வாரியம், மருந்தியலுக்கு மருந்தியல் வாரியம், சட்டத்துக்குச் சட்டத் தொழில் தகுதி வாரியம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம் என்று தனித்தனியாக உண்டு. பொறியியல் பட்டத்துக்கு வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால் வாஷிங்டன் உடன்பாட்டு நாடுகளிலும் அது மதிக்கப்படும். மலேசியா 2009இல் அதில் முழு உறுப்பினரானது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைக் குறி வைத்துப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இதைப் பார்க்காமல் சேரவே கூடாது. 'பொறியியல் தொழில்நுட்பம்' என்ற படிப்பும் 'பொறியியல்' என்ற படிப்பும் வாரியத்தின் கணக்கில் ஒன்றல்ல. கண்காட்சிக் கூடத்தில் இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

வணிகம், கணினி, ஊடகம் போன்றவற்றுக்கு இந்தத் தலைவலி குறைவு.

ஐந்தாவது படி: சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். திறந்த நாள் என்று அறிவிக்கப்பட்ட நாளில் போனால் பலூனும் இலவசச் சிற்றுண்டியும்தான் பார்ப்பீர்கள். வகுப்பு நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். முன்பதிவு செய்துவிட்டே போகலாம், தப்பில்லை. "நான் சேரப் போகும் துறையின் விரிவுரையாளர்களின் அறைகளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அந்த அறைக் கதவுகளில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாரத்தில் எந்த நேரம் வகுப்பு, எந்த நேரம் மாணவர்கள் வந்து பேசலாம் என்று கட்டம் போட்டிருக்கும். நான் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். இந்தச் செமஸ்டரின் தேதி போட்டிருக்கிறதா, போன ஆண்டுத் தாளா? கட்டம் முழுக்க வகுப்பாகவே நிரம்பியிருந்தால் அந்த மனிதருக்கு உங்களோடு உட்கார நேரம் எங்கே இருக்கும்? ஒரே பெயர் நான்கு பாடங்களுக்கு எதிரே இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன இடத்தில் ஒருவரே உங்களுக்கு மூன்று ஆண்டும் ஏழெட்டுப் பாடங்கள் எடுக்கக்கூடும். அவர் நல்லவராக அமைந்தால் அது அதிர்ஷ்டம். அவர் பேசுவது புரியாவிட்டால் தப்பிக்க வழியே இல்லை.

அப்புறம் அங்குள்ள உணவகத்தில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேராவது இருப்பார்கள். "அக்கா, தம்பி இங்க சேரலாமான்னு பாக்குறோம், எப்படி இருக்கு?" என்று கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை:

- போன ஆண்டு எத்தனை விரிவுரையாளர்கள் விலகினார்கள்? நடுச் செமஸ்டரில் ஆள் மாறியது உண்டா?
- ஆள் சேரவில்லை என்று ஏதாவது பாடத்தை ரத்து செய்தார்களா?
- தொழிற்பயிற்சிக்குக் கல்லூரி இடம் பிடித்துத் தந்ததா, நீங்களே அலைந்தீர்களா?
- கட்டணம் நடுவில் ஏறியதா?

இரண்டாவது கேள்வி ஏன் என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இறுதியாண்டில் ஒரு பாடத்தை மட்டும் முடிக்க வேண்டியிருந்தது. அந்தச் செமஸ்டரில் அதற்கு நாலு பேர்தான் பதிந்திருந்தார்கள். பாடம் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போனது. ஒரே பாடத்துக்காக அவள் நான்கு மாதம் வாடகை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெரிய பல்கலைக்கழகத்தில் இப்படி நடப்பது அரிது, சின்ன இடத்தில் சகஜம்.

சின்ன இடத்தால் யாருக்கு லாபம்?

ஆங்கிலம் சரியாக வராது என்று வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்தவர்களில் இப்படி நிறையப் பேர். இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் இவர்கள் பட்டம் வாங்கும்வரை பின்வரிசையிலேயே இருந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பதினைந்து பேர் வகுப்பில் அது நடக்காது. வாரம் ஒருமுறை எழுந்து நின்று பேசியே ஆக வேண்டும். முதல் செமஸ்டரில் கை நடுங்கும், மூன்றாவது செமஸ்டரில் கேள்வி கேட்பார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் "எங்கே போனாய்?" என்று விரிவுரையாளரே வாட்ஸ்அப்பில் கேட்பார். பிறகு வேலைக்கோ மேல்படிப்புக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்டால், உங்களை நிஜமாகவே தெரிந்த ஒருவர் எழுதித் தருவார்.

நட்டப்படுபவர்களும் இருக்கிறார்கள். எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்குச் சின்ன இடம் சரிப்படாது. துறை மாற நினைத்தால் மாறுவதற்குத் துறைகளே இருக்காது, விருப்பப் பாடங்களும் கையளவுதான். ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்படும் அறிவியல் படிப்புகளுக்கும், நான் பார்த்தவரை, கெலுகோரில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போன்ற இடத்தின் பக்கத்தில் எந்தச் சின்ன இடமும் நிற்க முடியாது. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க வளாகத்துக்கே வருவதும் பெரிய இடங்களுக்குத்தான். சின்ன இடத்தில் படித்தவர் முதல் வேலைக்கு, "இது எந்தப் பல்கலைக்கழகம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். இரண்டாவது வேலைக்கு யாரும் அதைக் கேட்பதில்லை.

தீபாவளி விருந்து, பொங்கல் விழா, இந்திய கலாசாரக் கழகம், நாடகம், பட்டிமன்றம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகம்தான் கொண்டாட்டம். முப்பது தமிழ் மாணவர்கள் இருக்கும் இடத்தில் விழாவும் அந்த அளவில்தான் இருக்கும். ஒருவருக்கொருவர் சண்டை என்றால் ஒதுங்கிப் போகவும் இடம் இருக்காது.

நிறுவனமே ஆட்டம் காணும் ஆபத்தும் உண்டு. கெப்பாலா பத்தாஸில் இருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி 2014இல் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, பாதியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற வேண்டியதாயிற்று. மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, சம்பளம் தாமதமாகிறது என்று பேச்சு அடிபடுகிறதா, உரிமையாளர் மாறிக்கொண்டே இருக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

ஆறாவது படி: கணக்குப் போடுங்கள்

கட்டணத் தாளை வாங்கி மேசையில் வையுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தொகை படிப்புக் கட்டணம் மட்டும். பதிவு, வைப்புத்தொகை, வளம், ஆய்வுக்கூடம், தேர்வு, பட்டமளிப்பு என்று பின்னால் வரிசையாக வரும். "முதல் நாளிலிருந்து பட்டம் வாங்கும் நாள்வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. 120 கிரெடிட் படிப்புக்கு மொத்தம் 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரெடிட் 500 வெள்ளி, மூன்று கிரெடிட் பாடம் 1,500 வெள்ளி. ஒரு பாடத்தில் தோற்றால் அந்த 1,500 வெள்ளியை மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், அதை முடித்தால்தான் அடுத்தது என்றால் ஒரு செமஸ்டர் நீளும். மாதம் 400 வெள்ளி அறை வாடகை என்றால் நான்கு மாதத்துக்கு இன்னும் 1,600. ஒரே தோல்வி மூவாயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் வரவுசெலவில் இரண்டு பாடத் தோல்விக்காவது பணம் ஒதுக்கி வையுங்கள். பிள்ளை கெட்டிக்காரன்தான், இருந்தாலும் ஒதுக்குங்கள்.

உபகாரச் சம்பளம் என்று சொல்வது பெரும்பாலும் தள்ளுபடிதான். எதற்குத் தள்ளுபடி, ஒவ்வொரு செமஸ்டரிலும் எவ்வளவு சிஜிபிஏ (மொத்தச் சராசரிப் புள்ளி) எடுத்தால் அது தொடரும் என்று பாருங்கள். 3.5 கேட்கிறார்கள், பிள்ளை எஸ்.பி.எம்.மில் சுமார் என்றால், அந்தத் தள்ளுபடி முதல் ஆண்டோடு போய்விடும் என்று எடுத்துக்கொண்டு முழுக் கட்டணத்துக்கே கணக்குப் போடுங்கள்.

பிடிபிடிஎன் என்ற அரசின் உயர்கல்விக் கடனுக்கு முதலில் அதன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். கிடைக்கும் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. தனியார் கட்டணத்தை அது முழுதாக அடைப்பது அபூர்வம். முதல் தவணைப் பணம் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும், அதுவரை கையில் காசு வேண்டும். சிஜிபிஏ 2.0க்குக் கீழே போனால் பணம் நிற்கும். சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் என்றாலும் கடன் கடன்தான், பட்டம் கிடைக்காமல் நின்றுவிட்டாலும் கட்ட வேண்டும்.

கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாக்கள் இதில் கை வைக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. மூத்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் வழித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டே எஸ்.பி.எம். வந்து நிற்கும். வருமான வரி கட்டுகிறவர்கள், உள்நாட்டில் டிப்ளோமாவோ அதற்கு மேலோ முழுநேரம் படிக்கும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, திருமணமாகாத பிள்ளைக்கு 8,000 வெள்ளி வரிக்கழிவு கேட்க மறக்க வேண்டாம். உதவித்தொகைக்குப் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தையும் எம்.ஐ.இ.டி.யையும் கேளுங்கள். ஆவணங்களை முன்கூட்டியே பிரதி எடுத்துத் தயாராக வையுங்கள், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு மாணவர்களின் தனியார் உயர்கல்விக் கட்டணத்துக்கு 2025 ஜூலை 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. மாணவர் விசா, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பு வழியாகத்தான் வரும். அனுமதி கைக்கு வரும் முன் விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

ஏழாவது படி: போக்குவரத்து

கோலாலம்பூர் போகாமல் வீட்டிலிருந்தே படித்தால் மிச்சம் என்பார்கள். பிறையில் வீடு, தீவில் வகுப்பு என்றால் காலையில் பாலத்து நெரிசலில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டு மணி வகுப்புக்கு ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் போக முடியுமா என்று ஒரு வேலை நாளில் போய்ப் பார்ப்பது நல்லது. மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதற்குப் பதில் பக்கத்தில் அறை எடுப்பது சில வீடுகளுக்கு மலிவாகவே முடியும். அம்மாக்களுக்கு ராத்திரி தூக்கமும் வரும்.

எட்டாவது படி: பணம் கட்டும்போது

"இன்றைக்கே கட்டினால்தான் தள்ளுபடி" என்று சொல்பவரின் பதவி கல்வி ஆலோசகர் என்று இருந்தாலும், அவர் வேலை ஆள் சேர்ப்பது. மரியாதையாக, "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வாரம் அதே தள்ளுபடியோடு அவரே அழைப்பார்.

கட்ட முடிவு செய்துவிட்டால், யு.பி.யு. முடிவு வரும் தேதியையும் கல்லூரியில் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் பதிவுக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு மீதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், ஆளின் சொந்தக் கணக்கில் ஒரு காசும் வேண்டாம். வாய்வார்த்தையாகச் சொன்ன தள்ளுபடி, கிரெடிட் மாற்றம், விடுதி அறை எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். ரசீது, சேர்க்கைக் கடிதம், கட்டணத் தாள் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வையுங்கள். வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் எல்லா விரிவுரையாளர்களையும் அவர்கள் அறையில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வரும்படி பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.